சண்டை வராத சீட்டு எழுதுவது எப்படி?

போன மே விடுமுறையில் எங்கள் வீட்டுத் தார்சாவில் ஒரு தகராறு. அக்கா மகனும் அவன் சேக்காளியும், நான் கையால் எழுதிக் கொடுத்த சீட்டுகளை வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். அதில் ‘நீர்பாய்ச்சி’ என்று ஒரு சீட்டு. அதன் கீழே ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன்: “எதிராளி தண்ணீர் எடுத்தால் நீங்களும் எடுக்கலாம்.”

சேக்காளி கிண்ணத்திலிருந்து நாலு சோழி (சோழிதான் தண்ணீர்) எடுத்தான். அக்கா மகனும் நாலு எடுத்தான்.

“ஒண்ணுதாம்ல எடுக்கணும்.”

“ஒண்ணுன்னு எங்கல போட்டிருக்கு?”

அதோடு போயிருந்தால் சரி. சேக்காளி கையிலும் ஒரு நீர்பாய்ச்சி இருந்தது. “நீ இப்ப எடுத்தேல்லா, அதனால நானும் எடுப்பேன்” என்றான். “அப்ப நானும்” என்றான் இவன். கிண்ணம் காலி. ஜெயித்தது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். “மாமா, என்ன எழுதி வச்சிருக்கீய?”

கற்பனை உலகச் சீட்டாட்டங்களுக்குச் சொந்தமாகக் கார்டு உருவாக்க ஆசைப்படும் பிள்ளைகள் நம் ஊரிலும் நிறைய இருக்கிறார்கள். நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் டிராகன் வரைந்து, ‘தாக்கு 9000’ என்று எழுதுவதில் தொடங்குகிறது அந்த ஆசை. பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். இதைத் தொழிலாக, குறைந்தபட்சம் பகுதி நேர வேலையாக, எடுத்துக்கொள்ள நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதலிலேயே ஒன்று: இந்த வேலையில் படம் வரைவது பாதிகூட இல்லை. பெரும்பகுதி வாக்கியம் எழுதுவது. தமிழில் இரண்டாம் வேற்றுமைக்கும் ஏழாம் வேற்றுமைக்கும் வித்தியாசம் தெரிந்தவருக்கு இங்கே பிழைப்பு உண்டு.

வேலை என்ன?

90களில் பெட்டிக்கடையில் வாங்கிய கிரிக்கெட், மல்யுத்த டிரம்ப் கார்டுகள் நினைவிருக்கும். அவற்றில் வாக்கியமே கிடையாது, எண் மட்டும்தான். யாருடைய எண் பெரிதோ அவர் ஜெயித்தார். வாக்குவாதத்துக்கு வழியே இல்லை.

1993 ஆகஸ்டில் அமெரிக்காவில் வந்த ‘மேஜிக்: தி கேதரிங்’ இதை மாற்றியது. உருவாக்கியவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட், கணிதத்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர். வெளியிட்டது விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம். முதல் பதிப்பில் 295 சீட்டுகள். ஒவ்வொரு சீட்டும் தனக்கென ஒரு விதியைச் சுமந்து வந்தது. ஆட்டத்தின் பொது விதியும் சீட்டில் எழுதியிருப்பதும் மோதினால் சீட்டு சொல்வதே செல்லும் என்பது அதன் முதல் சட்டம். அதாவது சீட்டில் எழுதுகிற ஆள் ஒவ்வொரு வரியிலும் சட்டத்திருத்தம் கொண்டுவருகிறார். இன்று அந்த ஆட்டத்தின் முழு விதிநூல் 250 பக்கத்தைத் தாண்டி நிற்கிறது.

அந்தத் துறையில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் ஒரு கதை உண்டு. ஆட்டம் அச்சுக்குப் போகும் முன் சோதித்துப் பார்த்தவர்களில் ஒருவர் கார்ஃபீல்டிடம் வந்து, ஜெயிப்பதை நிச்சயமாக்கும் சீட்டு ஒன்று தன்னிடம் இருக்கிறது என்றாராம். பார்த்தால், எதிராளிக்கு அடுத்த வாய்ப்பு கிடையாது என்ற பொருளில் எழுதிய வரி. எதிராளி அடுத்த வாய்ப்பில் தோற்றுப்போவார் என்றும் அதைப் படிக்கலாம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொற்கள். பிறகு அது ‘டைம் வாக்’ என்ற பெயரில், நீங்கள் கூடுதலாக ஒரு தடவை ஆடுங்கள் என்று திருத்தி அச்சானது.

தமிழில் இந்தக் குழப்பம் வராது. “அடுத்த முறையை இழப்பார்” வேறு, “அடுத்த முறையில் தோற்பார்” வேறு. ஐயும் இல்லும் பார்த்துக்கொள்ளும். ஆனால் நமக்கென்று தனிக் குழிகள் இருக்கின்றன. அங்கே பிறகு வருகிறேன்.

ஆற்றிலிருந்து தொடங்கலாம்

புதிதாக வருபவர்கள் செய்யும் தவறு, சீட்டிலிருந்து தொடங்குவது. இருநூறு சீட்டுக்குப் பெயர் வைத்துவிட்டு, இவற்றை வைத்து என்ன ஆடுவது என்று யோசிப்பார்கள். முதலில் தேவை ஒரு தட்டுப்பாடு. ஆட்டக்காரருக்கு எது போதாமல் இருக்கிறது? மேஜிக்கில் அது ‘மானா’ எனும் மந்திர ஆற்றல். நிலச் சீட்டுகளிலிருந்து சுரக்கும். நான் பாளையங்கோட்டைக்காரன். எனக்குப் போதாமல் இருப்பது தண்ணீர்.

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். மேலிருந்து கீழே இதுதான் வரிசை. எங்கள் பாளையங்கால்வாய் பிரிவது பழவூரில். மேலே இருப்பவன் முதலில் எடுப்பான், கடைசியில் இருப்பவனுக்கு மிச்சம். இது விவசாயிகள் சங்கக் கூட்டங்களில் பல காலமாகக் கேட்கும் பேச்சு. அதை அப்படியே ஆட்டமாக்கினேன். மேஜை மேல் எட்டு அணைச் சீட்டு வரிசையாக. ஒவ்வொரு சுற்றிலும் ஆற்றில் இவ்வளவு தண்ணீர் என்று ஒரு சீட்டு புரளும். மேலணை வைத்திருப்பவர் முதலில் அள்ளுவார். புள்ளி மட்டும் கீழணையில் அதிகம். பத்துக்கு மேல் தண்ணீர் சேர்த்தால் கரை உடைந்து பாதி போய்விடும். பருவம் இரண்டு: கார், பிசானம். (சென்னையிலிருந்து வந்த ஒரு பையன் ‘கார்’ என்றதும் படத்தில் வண்டியைத் தேடினான். அவனுக்காகக் ‘கார் சாகுபடி’ என்று மாற்றினேன்.)

உங்கள் ஆட்டம் மந்திரவாதிகளைப் பற்றியதாகவே இருக்கட்டும், ஆட்சேபம் இல்லை. ஆனால் எது குறைவு, அதை யார் முதலில் எடுக்கிறார், அளவுக்கு மீறி எடுத்தால் என்ன கேடு என்ற மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகு சீட்டுக்குப் பெயர் வையுங்கள். முதல் தொகுப்புக்கு நாற்பது சீட்டு போதும்.

ஒரு வரியை ஐந்து தடவை எழுதுவது

மறுபடி நீர்பாய்ச்சிக்கு வருவோம். (மடையைக் கவனிப்பவருக்கு மடையன் என்றும் பழைய பெயர் உண்டு. அது வசவாகிப்போனதால் விட்டுவிட்டேன்.)

“எதிராளி தண்ணீர் எடுத்தால் நீங்களும் எடுக்கலாம்.” இதில் எத்தனை ஓட்டை? எவ்வளவு எடுப்பது என்று இல்லை. ‘எடுத்தால்’ என்பது ஒரு தடவைக்கா, ஒவ்வொரு தடவைக்குமா என்று இல்லை. ‘எடுக்கலாம்’ என்றால் எடுக்காமலும் இருக்கலாம். அது எனக்கு வேண்டுமா? இரண்டு நீர்பாய்ச்சி எதிரெதிரே நின்றால் முடிவே இல்லை.

இரண்டாம் தடவை: “எதிராளி தண்ணீர் எடுக்கும் ஒவ்வொரு முறையும் நீங்கள் 1 தண்ணீர் எடுங்கள்.” அளவு வந்துவிட்டது. ‘எடுங்கள்’ என்று கட்டாயமும் வந்துவிட்டது. எதிராளியின் கரை உடைய அவரைக் கட்டாயமாக எடுக்கவைக்கும் சீட்டுகள் என் ஆட்டத்தில் இருப்பதால் இந்தக் கட்டாயம் முக்கியம். ஆனால் ‘முறை’ என்ற சொல் உதைத்தது. ஆடும் வாய்ப்புக்கும் முறை, எண்ணிக்கைக்கும் முறை, செய்யும் விதத்துக்கும் முறை. அத்தை மகனும் முறை. ஒரு சொல்லுக்கு ஒரு வேலை என்று பிரித்தே ஆக வேண்டும். ஆட வேண்டிய வாய்ப்புக்கு ‘முறை’, எண்ணிக்கைக்குத் ‘தடவை’ என்று எழுதிக் கலைச்சொல் அட்டவணையில் சேர்த்தேன்.

மூன்றாவதில் முடிவில்லாச் சுழலைப் பிடித்தேன்: “எதிராளி அவர் முறையில் தண்ணீர் எடுக்கும் ஒவ்வொரு தடவையும்...” ‘அவர்’ யார்? இரண்டு பேர் ஆடும்போது புரிகிறது. நாலு பேர் ஆடினால் அந்த ‘அவர்’ எதிர்த் திண்ணையில் இருப்பவராகக்கூட இருக்கலாம். இங்கேதான் தமிழ் கை கொடுத்தது. ‘தம் முறையில்’ என்று போட்டேன். தான், தம் என்றால் அந்த வாக்கியத்தின் எழுவாயைத்தான் சுட்டும். ஆங்கிலத்தில் சீட்டு எழுதுகிறவர்கள் இந்த ஒரு சொல்லுக்காக அரை வரி செலவழிக்கிறார்கள்.

கடைசியில் நின்றது இது: “எதிராளி தம் முறையில் தண்ணீர் எடுக்கும் ஒவ்வொரு தடவையும், நீங்கள் 1 தண்ணீர் எடுங்கள்.” இப்போது இருவரிடமும் நீர்பாய்ச்சி இருந்தாலும் கிண்ணம் காலியாகாது. உங்கள் சீட்டால் நீங்கள் எடுப்பது எதிராளியின் முறையில். உங்கள் முறையில் இல்லை. அதனால் அவருடைய சீட்டு வாய் திறக்காது. எண்ணிப் பார்த்தால் முதல் வரிக்கும் இதற்கும் ஆறேழு சொல்தான் வித்தியாசம். அதற்கு எனக்கு இரண்டு வாரம் ஆனது.

வினை வடிவங்களில் கண் வையுங்கள். ‘வந்தால்’ என்பது நிபந்தனை. ‘வந்ததும்’ என்றால் ஒரே ஒரு தருணம். ‘வரும்போதெல்லாம்’ என்றால் எத்தனை தடவை வந்தாலும். பேச்சில் மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்கிறோம், பாதகமில்லை. சீட்டில் மாற்றினால் ஆட்டமே மாறும். ‘வரை’ இன்னொரு குழி. “அடுத்த முறை வரை” என்றால் அடுத்த முறை சேர்த்தா, சேர்க்காமலா? “உங்கள் அடுத்த முறை தொடங்கும் வரை” என்று எழுதினால் தகராறு தீர்ந்தது. ‘உம்’ இடைச்சொல்லும் ஆபத்து: “அட்டையையும் எடுங்கள்” என்றால் வேறு எதோடு சேர்த்து என்ற கேள்வி வந்து நிற்கும்.

கலைச்சொல் அட்டவணை இல்லாமல் ஒரு சீட்டுகூட எழுதாதீர்கள். ‘சீட்டு’ என்ற சொல்லே எங்கள் வீட்டில் சிக்கல். அம்மாவுக்கு அது ரம்மி, அப்பாவுக்கு ஏலச்சீட்டு. கடையில் கேட்கும்போது எல்லாரும் ‘கார்டு’ என்கிறார்கள். நான் பெட்டியின் மேல் ‘கார்டு’ என்றும் விதியில் ‘சீட்டு’ என்றும் வைத்துக்கொண்டேன். அடுக்கி வைத்திருப்பது ‘கட்டு’, கையில் இருப்பது ‘கை’, போடுவது ‘இறக்குவது’, கலைப்பது ‘கலைப்பது’தான். ரம்மி ஆடும் மாமாக்கள் ஏற்கெனவே இதையெல்லாம் செப்பனிட்டு வைத்திருக்கிறார்கள்; நீங்கள் புதிதாக மொழிபெயர்த்துத் தள்ள வேண்டாம்.

ஆடி முடித்த சீட்டு போய்ச் சேரும் இடத்துக்கு ஆங்கில ஆட்டங்களில் கல்லறை என்ற பொருளில் பெயர். நான் ஆசையாகச் ‘சுடலை’ என்று வைத்தேன். நெல்லைச் சீமையில் அதைவிடப் பொருத்தமான பெயர் ஏது? மறுநாளே மாட்டிக்கொண்டேன். சுடலை என்றால் இங்கே சாமி பெயர். பக்கத்து வீட்டுப் பையன் பெயரும் அதுதான். “ஒரு சீட்டைச் சுடலைக்கு அனுப்புங்கள்” என்றதும் அவன் கையை நீட்டினான். இப்போது அது ‘கழிவு’.

பெரிய நிறுவனங்களும் வரியைச் சுருக்கிக்கொண்டேதான் இருக்கின்றன. ஆடுகளத்திலிருந்து கல்லறைக்குப் போகும்போது என்று நீட்டி எழுதியதை மேஜிக் 2011இல் ‘சாகும்போது’ என்ற ஒரு சொல்லாக்கியது. ஆடுகளத்தில் நுழையும்போது என்பதில் ‘ஆடுகளம்’ விழுந்து, வெறும் ‘நுழையும்போது’ ஆக நின்றது 2024இல்தான். ஆட்டம் பிறந்து முப்பது வருடத்துக்குப் பிறகும் ஒரு சொல்லை வெட்டுகிறார்கள். 63க்கு 88 மில்லிமீட்டர் அட்டையில் அவ்வளவுதான் இடம். தமிழுக்கு அதிலும் கூடுதல் இடம் வேண்டும்: சொல் நீளம், மேலே கொக்கி, கீழே சுழி, வரிகளுக்கிடையே இடைவெளி விடாவிட்டால் ஒன்றையொன்று குத்திக்கொள்ளும். ஒரு சீட்டில் இருபது சொல்லைத் தாண்டினால் நான் சீட்டையே இரண்டாக உடைத்துவிடுவேன்.

சாமிக்கு எத்தனை மார்க்?

நெல்லைக்காரர் ஒருவர் கற்பனைச் சீட்டாட்டம் செய்தால் முதலில் கை போவது நாட்டார் தெய்வங்களிடம். மாடன், இசக்கி, பேச்சி. படம் பிரமாதமாக வரும், உண்மைதான். ஆனால் ‘தாக்கு 7, தாங்கு 5’ என்று ஒரு சாமிக்கு எண் போட்டால், அடுத்த நொடியே அந்தச் சாமியைத் தோற்கடிக்கக்கூடிய இன்னொரு சீட்டும் பிறந்துவிடுகிறது. அது யாரோ ஒருவர் வீட்டுக் குலதெய்வம். எந்தச் சாமி எந்தச் சாமியைவிடப் பெரிது என்று எண்ணால் எழுதுவது, இந்த ஊரில், சாமியோடு நிற்காது. சாதிக்குப் போகும்.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு பழைய விடை இருக்கிறது. கஞ்சிஃபா எனப்படும் வட்டச் சீட்டுகளில் தசாவதாரக் கட்டு ஒன்று உண்டு. பத்து அவதாரத்துக்குப் பத்து வகை, வகைக்கு 12 சீட்டு, மொத்தம் 120. அவதாரங்கள் அங்கே மோதிக்கொள்வதில்லை. ஸ்பேடு, ஹார்ட்டின் போல வகையின் பெயராக நிற்கிறார்கள். மோதுவது ராஜா, மந்திரி, எண்கள். சாமியைச் சண்டைக்காரர் ஆக்காமல் களமாக ஆக்கிவிட்டார்கள். அந்தத் தீர்ப்பை நான் மதிக்கிறேன். என் ஆட்டத்தில் சொரிமுத்து அய்யனார் கோயில் ஓர் இடம், ஆள் கிடையாது. அங்கே போனால் எல்லாரும் கையிலிருந்து ஒரு சீட்டைக் கொடுத்துவிட வேண்டும்.

ஏன் கொடுக்க வேண்டும்? அந்தக் கோயிலில் பட்டவராயனுக்குச் செருப்பு காணிக்கை வைக்கிறார்கள். பட்டவராயனாக வணங்கப்படும் முத்துப்பட்டன், பொம்மக்கா, திம்மக்கா என்ற பெண்களை மணப்பதற்காகத் தன் பிறப்பு அடையாளங்களைத் துறந்து செருப்பு தைக்க உட்கார்ந்தவன். அந்தக் கதையின் விசையே இழப்பதில் இருக்கிறது, தாக்குவதில் இல்லை. கதையை முழுசாகப் படித்தால்தான் இப்படி ஒரு விதி தோன்றும். பாளையங்கோட்டையிலிருந்து ‘ஆராய்ச்சி’ இதழ் நடத்திய நா. வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன் கதையைத் தேடிப் படியுங்கள். தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையமே இருக்கிறது. இணையத்தில் நாலு படம் பார்த்துவிட்டு எழுதுகிறவருக்கும், அங்கே போய் ஒரு மத்தியானம் உட்கார்ந்து வந்து எழுதுகிறவருக்கும் சீட்டிலேயே வித்தியாசம் தெரியும்.

பெயர் வைப்பதிலும் இதே கவனம். 2016இல் மேஜிக் இந்திய சாயலில் ஓர் உலகத்தை உருவாக்கி, ‘கலாதேஷ்’ என்று பெயர் வைத்தது. ஆங்கில எழுத்தில் குறிலா நெடிலா என்று தெரியாது. கலையின் நாடு என்றும் படிக்கலாம், கறுப்பு நாடு என்றும் படிக்கலாம். 2025இல் வந்த ‘ஏதர்டிரிஃப்ட்’ தொகுப்பில் அந்த உலகமே ‘அவிஷ்கார்’ என்று பெயர் மாறி வந்தது. இந்திய மொழி தெரிந்த ஒருவர் முதலிலேயே மேஜையில் உட்கார்ந்திருந்தால் ஒரு நிமிட வேலை. இப்படிப் பார்த்துச் சொல்வதற்கென்றே இன்று பண்பாட்டு ஆலோசகர் என்று ஆள் வைக்கிறார்கள். அதுவும் ஒரு வேலைவாய்ப்பு.

வாயைக் கட்டிக்கொண்டு பாருங்கள்

எழுதியதைச் சோதிக்க நண்பர்களைக் கூப்பிடுவீர்கள். அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்வீர்கள். சோதனை அத்தோடு கெட்டது. நீங்கள் பெட்டிக்குள் உட்கார்ந்து எல்லார் வீட்டுக்கும் போக முடியாது. விதித்தாளையும் சீட்டையும் கொடுத்துவிட்டு, அறையின் மூலையில் நோட்டோடு உட்காருங்கள். கேள்வி கேட்டால் பதில் சொல்லாதீர்கள், கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள். எந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு புருவம் சுருங்குகிறதோ அந்தச் சீட்டுதான் திருத்த வேண்டியது. ‘நல்லா இருக்கு அண்ணாச்சி’ என்று சொல்கிறவர்களால் பயனில்லை. குறுக்குவழி தேடும் பிள்ளைகள்தான் வேண்டும். வீட்டுக்கு ஒருவன் இருப்பான். என் மருமகனுக்கு இப்போது அந்தப் பொறுப்பு. சம்பளம், சோதனைக்கு ஒரு ஜிகர்தண்டா.

எது உங்களுடையது?

ஏற்கெனவே உள்ள ஆட்டத்துக்குச் சொந்தமாகக் கார்டு செய்வது நல்ல பயிற்சி. ‘மேஜிக் செட் எடிட்டர்’, ‘நான்டெக்’ போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. செய்து நண்பர்களோடு ஆடலாம், காட்டலாம். விற்கக் கூடாது. ரசிகர் படைப்புகள் இலவசமாக இருந்தால் பொறுத்துக்கொள்கிறோம் என்பதுதான் விசார்ட்ஸ் நிறுவனத்தின் கொள்கை. அவர்களுடைய சின்னம், கட்டமைப்பு, பாத்திரங்கள் எல்லாம் அவர்கள் சொத்து. போக்கிமான் படம் போட்டு அச்சடித்துத் திருவிழாக் கடையில் விற்பவர்களைப் பார்த்து நீங்களும் இறங்காதீர்கள்.

ஆட்டத்தின் யோசனைக்கு மட்டும் பதிப்புரிமை கிடையாது. அதை எழுதிய சொற்களுக்கும் வரைந்த படத்துக்கும் உண்டு. அதனால் உங்கள் வாக்கியம் உங்கள் சொத்து என்பதை நினைவில் வைத்துக்கொண்டு ஒப்பந்தத்தைப் படியுங்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்படி, சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போது எழுதியது பொதுவாக முதலாளிக்குப் போகும். வெளியிலிருந்து எழுதிக் கொடுக்கிறீர்கள் என்றால் உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை ஆண்டு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு. எந்த நிலப்பரப்பு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். 19ஆம் பிரிவு. வாட்ஸ்அப்பில் ‘ஓகே சார்’ என்று அனுப்பும் முன் இந்த இரண்டு வரியைக் கேட்டு வாங்குங்கள்.

யார் வேலை கொடுப்பார்?

பாளையங்கோட்டையில் உட்கார்ந்து சீட்டு எழுதி மட்டுமே குடும்பம் நடத்த முடியுமா? முடியாது. யாராவது முடியும் என்றால் அவர் உங்களிடம் பயிற்சி வகுப்புக்குப் பணம் கேட்கப் போகிறார். ஆனால் இந்தத் திறமைக்குக் கூலி கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன. இந்தியாவிலேயே சொந்தமாக ஆட்டம் செய்து விற்பவர்கள் இருக்கிறார்கள். சென்னையின் ‘கிரீடா’ பாரம்பரிய விளையாட்டுகளை மீட்டுப் பெட்டியில் போட்டு விற்கிறது. மும்பையிலிருந்து வந்த ‘ஷாசன்’ அரசியலை ஆட்டமாக்கி 2019இல் மக்களிடமே முன்பணம் திரட்டியது. கைபேசிச் சீட்டாட்டங்கள் செய்யும் நிறுவனங்களுக்கு வரி எழுதவும், தமிழாக்கவும், பிழை பார்க்கவும் ஆள் வேண்டும். சுகாதாரம், வங்கிக் கணக்கு, போக்குவரத்து விதி என்று விழிப்புணர்வு ஆட்டம் கேட்கும் தொண்டு நிறுவனங்களும் உண்டு; கற்பனை உலகமாக இல்லாவிட்டாலும் வேலை அதே வேலைதான்.

மேஜிக் தன் வடிவமைப்பாளர்களைத் தேடி 2006இல் ஒரு பொதுப் போட்டி வைத்தது. பிறகு இரண்டு தடவை நடத்தியது. முதலில் கட்டுரைக் கேள்விகள், அடுத்து கொள்குறி வினாத்தாள், அதையும் தாண்டியவர்களுக்குத்தான் சீட்டு வடிவமைக்கும் வாய்ப்பு. குரூப் 2 எழுதித் தேய்ந்த நம் ஊருக்கு இது புதிதா என்ன? முதல்நிலை, முதன்மை, முன்பெல்லாம் நேர்காணலும். அந்தக் கட்டுரைக் கேள்விகளைத் தேடி எடுத்து எழுதிப் பாருங்கள். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரிந்துவிடும்.

வேலை கேட்டுப் போகும்போது இருநூறு சீட்டைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பார்ப்பவருக்கு ஐந்து நிமிடம்தான். பன்னிரண்டு போதும். அதில் நாலு சீட்டுக்கு மட்டும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எல்லாத் திருத்தத்தையும் தேதியோடு வையுங்கள். எந்தச் சோதனையில், யார் கேட்ட கேள்வியால் எந்தச் சொல் மாறியது என்று. அழகான சீட்டை எல்லாரும் காட்டுவார்கள். தன் தவறு எங்கே பிடிபட்டது என்று காட்டுகிறவரை நானாக இருந்தால் எடுத்துக்கொள்வேன். படம் உங்களுடையது இல்லையென்றால் வரைந்தவர் பெயரைப் போடுங்கள். செயற்கை நுண்ணறிவுப் படத்தைச் சொந்தப் படம் என்று ஓட்டாதீர்கள். அச்சாகும் சீட்டுகளில் அது கூடாது என்று மேஜிக் நிறுவனம் 2023இலேயே சொல்லிவிட்டது.

சிவகாசி பஸ்

நம்மிடம் உள்ள பெரிய வசதி, கோவில்பட்டி வழியாகப் போனால் சிவகாசி. அச்சகத்துக்கே நேரில் போய் மேஜையில் கை ஊன்றி நின்று பேச முடிவது பெரிய நகரத்து ஆட்களுக்குக்கூட எளிதில்லை. போகும் முன் சில கணக்கு. முதல் கேள்வி, “ஷீட்டுக்கு எத்தனை கார்டு விழும்?” 36 விழும் என்றார்கள் என்றும், உங்கள் தொகுப்பு 50 என்றும் வையுங்கள். இரண்டு ஷீட், 22 இடம் வீண். அப்போதே 14 சீட்டை வெட்டுங்கள், அல்லது இன்னும் 22 எழுதுங்கள். நான் வெட்டச் சொல்வேன். ஆர்ட் போர்டு எத்தனை ஜிஎஸ்எம், லேமினேஷன் மேட்டா கிளாஸா, மூலை வளைக்க டை ஏற்கெனவே இருக்கிறதா, புதிதாகச் செய்ய வேண்டுமா என்று கேளுங்கள். இருக்கிற டையின் அளவுக்கு உங்கள் கார்டை மாற்றிக்கொண்டால் செலவு குறையும். நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் பிளீட் (வெட்டும்போது போகும் ஓரம்) விடுங்கள்.

என் முதல் அச்சில் நடந்ததைச் சொல்கிறேன். எந்த அச்சகம் என்பது வேண்டாம். தப்பு பாதி என்னுடையது. யூனிகோடில் அடித்த கோப்பை அப்படியே கொடுத்துவிட்டு வந்தேன். அவர்கள் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. வேறொன்று ஏறி, கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நின்றன. ‘கொடு’ என்று இருந்த இடத்தில் எல்லாம் ஒற்றைக் கொம்பு தனியாக, க தனியாக, கால் தனியாக. நூறு பெட்டி. வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளைக் கையாளும் பத்தி அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் உங்கள் கணினியிலேயேகூட இப்படி உடையும். அதற்குப் பிறகு நோட்டோ, முக்தா மலர், காட்டமரன் போன்ற கட்டற்ற உரிமம் உள்ள எழுத்துருக்களை மட்டும் எடுக்கிறேன். கோப்பைக் கொடுக்கும் முன் எல்லா எழுத்தையும் கர்வ் (எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவம்) ஆக்கிவிடுகிறேன். அங்கே டிடிபி பார்க்கும் அக்காவே அன்றைக்கு, “கர்வ் போட்டுல்லா கொண்டுவரணும்” என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். கர்வ் ஆக்கிய பின் பிழை திருத்த முடியாது என்பதால் அதற்கு முந்தைய கோப்பைத் தனியாக வைத்திருங்கள்.

ப்ரூஃப் ஒன்று கேட்டு வாங்குங்கள். அதைத் திரையில் பார்க்காதீர்கள். உண்மை அளவில் அச்சான தாளை வெட்டி, ராத்திரி வீட்டு வெளிச்சத்தில், கண்ணாடி போட்ட ஒருவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நீர்பாய்ச்சியை நான் என் அம்மாவிடம் கொடுத்தேன். முழு வரியையும் தடங்கல் இல்லாமல் படித்துவிட்டு, “சரி, ஆத்துல தண்ணியே இல்லன்னா எதை எடுக்கணும்?” என்றாள். விதித்தாளில் அதற்கு ஒரு வரி சேர்க்க வேண்டியிருக்கிறது. சிவகாசிக்கு அடுத்த வாரம்தான் போவேன்.